மூன்றாவது மாடியும் மூன்றாவது டீச்சரும்

பட்ஜெட்டுக்கு மறுநாள் பேப்பரை நான் பழைய பேப்பர்காரரிடம் போடுவதில்லை. தாம்பரத்துக்குக் குடிவந்த வருடத்திலிருந்து எல்லாம் பரணில் இருக்கின்றன, வருட வரிசையில். அதற்கு முந்திய வருடங்களின் அட்டவணைகளை நூலகத்திலிருந்து பிரதி எடுத்து வந்து, கிராஃப் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு கோடுகள் வரைந்து வைத்திருந்தேன். நாட்டிலுள்ள வீடுகளெல்லாம் சேர்ந்து நுகர்வுக்குச் செலவழிப்பது முதல் கோடு. அரசாங்கம் நுகர்வுக்குச் செலவழிப்பது இரண்டாவது கோடு. முதல் கோடு உயரத்தில் போகும். இரண்டாவது கோடு வெகு கீழே, தரையை ஒட்டி ஏறும்.

"வீடு சாப்பிடுது, துணி எடுக்குது. அரசாங்கம் என்னத்தங்க நுகருது?" என்று என் மனைவி கேட்டாள்.

"உன்னைத்தான்" என்றேன். அவள் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. டீச்சர், நர்ஸ், போலீஸ் இவர்களுடைய சம்பளமெல்லாம் அந்த இரண்டாவது கோட்டில்தான் சேரும் என்று விளக்கினேன்.

"அப்ப நான் கீழ் கோட்டுல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.

2007-இல், எங்கள் வீட்டுக்குள் முதல் கோடு எப்படி ஏறுகிறது என்பதைப் பார்க்க அட்டவணை தேவைப்படவில்லை. போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டதால் குடிக்கக் கேன் தண்ணீர் வந்தது. ஆளுக்கொரு செல்போன் வந்தது. மகள் மெட்ரிக் பள்ளியில் சேர்ந்தாள். பள்ளிக் கட்டணத்தோடு வேன் கட்டணமும் வந்தது. அரிசிக்கும் பருப்புக்கும் போகும் பங்கு குறைந்து, அரசாங்கம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நாங்களே வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்தவற்றின் பங்கு கூடிக்கொண்டே போனது. போதாததற்கு ஊரப்பாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட்டுக்குப் பணம் கட்டியிருந்தோம். வீடு வாங்குவது நுகர்வில் வராது, முதலீடு. ஆனால் வங்கித் தவணையும் தாம்பரம் வாடகையும் ஒரே வாரத்தில் வரும்போது இந்த வித்தியாசம் ஆறுதல் தருவதில்லை. கட்டடம் சீக்கிரம் முடிந்தால் வாடகை நிற்கும். அதோடு, என் மனைவியின் பள்ளிக்கூடம் அங்கிருந்து நடக்கும் தூரம். அதனால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று அவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

அவளுடைய பள்ளியில் தலைமை ஆசிரியையையும் சேர்த்து மூன்று பணியிடங்கள். ஆகஸ்ட் முதல் தேதி பதிவேட்டில் எத்தனை பிள்ளைகளோ, அதை வைத்துத்தான் பணியிடத்தை நிர்ணயிப்பார்கள். வரம்புக்குக் கீழே போனால் மூன்றாவது டீச்சர் உபரி. கடைசியாக வந்து சேர்ந்தவளான என் மனைவிதான் அந்த மூன்றாவது டீச்சர். உபரியானவர்களை மாவட்டத்தில் எங்கே இடம் காலியோ அங்கே போடுவார்கள். மாவட்டத்தின் தென்கோடியில் செய்யூர்ப் பக்கம் போட்டுவிட்டால் அவள் போய்வர முடியாது. அங்கேயே தங்க வேண்டியதுதான். ஒன்றாம் வகுப்புக் குழந்தையை வைத்துக்கொண்டு, பம்மலில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதிவிட்டு இருட்டிய பிறகு வரும் நான் என்ன செய்வேன்?

"எவ்ளோ குறையுது?" என்றேன்.

"நெறைய. தெருவுல இருக்கற அத்தனை பேரும் வேன்ல அனுப்பறாங்க." நிறுத்தி, "நம்மளையும் சேத்துத்தான்" என்றாள்.

அந்த மாதம் முழுக்க மூன்று ஆசிரியைகளும் பள்ளி விட்டதும் வீடு வீடாகப் போனார்கள். சீருடை இலவசம், புத்தகம் இலவசம், மதியம் முட்டை என்றெல்லாம் சொன்னார்கள். வேன் வரும் தெருக்களில் மரியாதையாகத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடைசியில் பிள்ளைகள் கிடைத்த இடம் எங்கள் அடுக்குமாடிதான். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த கட்டட வேலைக்காரர்கள் மனைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். பிள்ளைகள் மணல் குவியலில் விளையாடிக்கொண்டிருந்தன.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கட்டடம் பார்க்க நானும் போயிருந்தேன். ஒரு சித்தாள் பெண், தலையில் சும்மாட்டோடு நின்று என் மனைவி சொன்னதையெல்லாம் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"எல்லாம் சரி டீச்சரம்மா. ஒம் பொண்ணு எங்க படிக்குது?"

என் மனைவி பதில் சொல்வதற்குள் அவளே சிரித்துவிட்டாள்.

"தெர்யும் தெர்யும். இங்க பைப் பக்கத்துல வந்து நிக்குதே, அந்த மாதிரி மஞ்ச வேன்தான? அத்த வுடு. எம் பொண்ண மூணாவதுல சேத்துக்கோ. ஆனா ரோட்ட தாண்டி அனுப்ப மாட்டேன், லாரி கண்ணு மண்ணு தெரியாம வருது."

கொட்டகையிலிருந்து பள்ளிக்கு நடந்தால் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். ஆகவே ஆசிரியைகள் மூவரும் தங்கள் சம்பளத்திலிருந்து போட்டு ஒரு ஷேர் ஆட்டோ பேசினார்கள். காலையில் கொண்டுவந்து விடவும், மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடவும். ஆட்டோக்காரர் முதல் நாளே கேட்டாராம்: "இன்னா டீச்சர், ஸ்கூல்ல நீங்க சம்பளம் வாங்கிகினு இருக்கீங்களா, குடுத்துகினு இருக்கீங்களா?"

அந்த ஆட்டோ வாடகை என் கிராஃப் தாளில் எந்தக் கோட்டில் சேரும் என்று பல நாள் யோசித்தேன். அரசாங்கம் கொடுக்கும் சம்பளம் இரண்டாவது கோடு. அதிலிருந்து எங்கள் வீட்டுப் பணமாக எடுத்து, அரசாங்கத்தின் வேலைக்கே கொடுத்தால்? விதிப்படி வீட்டுச் செலவுதான். ஆட்டோவில் பிதுங்கிக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

எண்ணிக்கை சரியாக வரம்பில் வந்து நின்றது. ஒரு பிள்ளைகூட மிச்சமில்லை.

அதன் பிறகு எங்களுக்கு ஒரு விசித்திரமான வியாதி பிடித்தது. ஃபிளாட் வாங்கியவர்கள் எல்லாரும் கட்டடம் எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும் அது ஆகஸ்ட் வரை முடிந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தோம். கட்டடம் முடிந்தால் கொட்டகை காலியாகும். கொட்டகை காலியானால் ஆட்டோவும் காலி. பிறகு அந்த வீடுகளுக்குக் குடிவரப் போகிறவர்கள் எங்களைப் போன்றவர்கள், வேன் வைத்துக்கொள்கிறவர்கள். மாலையில் அவள் வந்ததும் நான் கேட்பது, "எது வரைக்கும் வந்திருக்கு?"

"மொட்டை மாடி தளம் போட்டு முடிஞ்சுது."

"பூச்சு?"

"ரெண்டாவது மாடில ஓடுது. இந்தத் தடவை இவ்ளோ வேகமா ஏன் பண்றாங்க?"

வேறு எந்த வருடமும் ஒரு கட்டட முதலாளி வேகமாக வேலை செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஜூலையில் ஒரு ஞாயிறு, எனக்கு ஒரு யோசனை உதித்தது. எங்கள் ஃபிளாட்டின் பால்கனிச் சுவரில் பூச்சு கொஞ்சம் அலை பாய்ந்தாற்போல் இருந்தது. உண்மையில் பெரிய குறை ஒன்றுமில்லை. ஆனால் அதை இடித்துத் திரும்பப் பூசச் சொன்னால், நாலைந்து நாளாவது வேலை இழுக்கும்; அதே ஆட்கள் ஆகஸ்ட் பிறக்கும்வரை இருப்பார்கள். மட்டக்கோல் ஒன்றை வாங்கிச் சுவரில் வைத்து, இடைவெளியைக் காட்டி, சைட் என்ஜினீயரிடம் கறாராகப் பேசினேன். அவர் இளைஞர். மறுத்துப் பேசுவார் என்று நினைத்தேன். பேசவில்லை.

"கரெக்ட்தான் சார். பண்ணித் தந்துடறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தாள். "பணம் குடுத்து வாங்கற வீட்டை இடிக்கச் சொல்லிட்டு வந்து சந்தோஷப்படற ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அரை நாள் விடுப்பில் மறுபடி போனேன். பால்கனிச் சுவரைப் புதிய ஆட்கள் கொத்திக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் வாலிபர்கள். பேசிய மொழி எனக்குப் புரியவில்லை. ஒருவரோடும் குடும்பம் இல்லை.

என்ஜினீயர் வந்தார். "சார், நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. ஏற்கனவே ரெண்டு மூணு ஓனர் பூச்சு சரியில்லன்னாங்க. நீங்களும் சொன்னதும் முதலாளிகிட்ட பேசி அந்த மேஸ்திரி செட்டையே மாத்திட்டேன். அவங்களுக்குக் கேளம்பாக்கம் சைட்ல கான்கிரீட் வேலை இருக்கு. நாளைக்குக் காலைல லாரி."

"எல்லாருமா?"

"கொட்டகையே காலி சார். உங்க கார் பார்க்கிங் அங்கதான வருது." என்னிடம் கார் இல்லை.

ஜி.எஸ்.டி. சாலையை எப்படிக் கடந்தேன் என்று நினைவில்லை. அன்று ஈடுகட்டும் வேலை நாள், பள்ளி நடந்துகொண்டிருந்தது. மனைவியிடம் சொல்லத்தான் போனேன். ஆனால் அந்தச் சித்தாள் பெண் எனக்கு முன்பே அங்கே வந்து, தலைமை ஆசிரியையின் மேசை முன்னால் மகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் மனைவி பக்கத்தில் நின்றாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"டீச்சி குடுங்கம்மா. அங்க இஸ்கூல்ல கேப்பாங்க" என்றாள் அந்தப் பெண்.

டி.சி., அதாவது மாற்றுச் சான்றிதழ், கொடுத்தால் அந்தச் சிறுமியின் பெயர் பதிவேட்டிலிருந்து போய்விடும். கொட்டகையின் மற்றப் பிள்ளைகளுக்கு யாரும் வந்து கேட்கவில்லை. அவர்கள் லாரி ஏறினாலும் பெயர் பதிவேட்டில் இருக்கும். தலைமை ஆசிரியை அதை யோசித்துத்தான் வைத்திருந்தார். "ஆடி மாசம், ஊருக்குக் கூழ் ஊத்தப் போயிருக்காங்கன்னு சொல்லிக்கலாம்" என்று என் மனைவியிடம் முன்பே சொல்லியிருந்தார். இப்போது அந்தப் பெண்ணிடம் நயமாகச் சொன்னார்:

"ஆகஸ்ட் ரெண்டாம் தேதி வாம்மா. கையோட தரேன்."

"கேளம்பாக்கத்துலேர்ந்து பஸ்ஸு மாறி, ஒரு நாள் கூலிய வுட்டுட்டு ஒரு பேப்பருக்கு வரணுமா? போன சைட்லயும் இப்டித்தான், அப்பறம் வா, அப்பறம் வான்னாங்க. நாங்க எங்க போய் வர்றது? ஒரு வருசம் இது சும்மா மணல்ல ஒக்காந்துகினு இருந்துச்சு." அவள் என் மனைவி பக்கம் திரும்பினாள். "டீச்சரம்மா, நீயே சொல்லு. நீதான வந்து கூப்ட?"

என் மனைவி அலமாரியைத் திறந்து டி.சி. புத்தகத்தை எடுத்தாள். நின்றபடியே எழுதினாள். பெயர், பிறந்த தேதி, வகுப்பு. எழுதி முடித்துத் தலைமை ஆசிரியை முன்னால் வைத்தாள்.

"இதுல நான் கையெழுத்துப் போட்டா என்னன்னு தெரியும்ல உனக்கு? இது அந்தப் பொண்ணுக்கு டி.சி. இல்ல, உனக்கு."

"தெரியும்மா. போடுங்க."

"உன் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேளு. வாசல்லதான் நிக்கறார்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் செய்யூரும், இருட்டிய வீடும், வாடகையும் தவணையும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. என் மனைவியின் முகத்தில் கேள்வி எதுவும் இல்லை. நான் தலையை ஆட்டினேன். ஆம் என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா என்று எனக்கே தெரியாத ஆட்டல். தலைமை ஆசிரியை அதை ஆம் என்று எடுத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

அந்தப் பெண் தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். "ஒம் பொண்ணு நல்லா படிக்கும் டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதில் குத்தல் இருந்ததா என்று என் மனைவி பல நாள் யோசித்தாள். இருந்தது என்பது அவள் கட்சி. இல்லை என்பது என் கட்சி.

ஆகஸ்ட் முதல் தேதி அதிகாரி வந்தார். மற்றப் பெயர்களைப் பற்றி அவர் துருவவில்லை. துருவவும் தேவைப்படவில்லை, வரம்புக்கு ஒன்று குறைந்தது. மூன்றாவது பணியிடம் போனது.

கலந்தாய்வுக்கு அழைப்பு வரும்வரை நாங்கள் சாப்பிட்டதும் தூங்கியதும் பேருக்குத்தான். அன்றைக்குக் காஞ்சிபுரம் அலுவலக வாசலில் நான் மகளை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெளியே வந்த என் மனைவி, "செய்யூர் இல்ல" என்றாள். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில், உள்ளே தள்ளி ஒரு கிராமம். முதல் பஸ்ஸைப் பிடித்தால் போய்விடலாம். அங்கே மட்டும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்களாம். புதிய கம்பெனிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த சாலை அது.

தையில் ஃபிளாட்டுக்குக் குடிபோனோம். பால்கனிச் சுவர் மட்டம் பிசகாமல் நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் பழைய பள்ளியின் ஓட்டுக்கூரை தெரியும். அதற்குப் பிறகு ஒரு சிக்கல். அவள் விடிந்ததும் கிளம்ப வேண்டும், நானும் பம்மலுக்குப் பஸ் பிடிக்க வேண்டும்; மஞ்சள் வேன் வரும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டோம். சில மாதம் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுப் பார்த்தோம். அடுத்த ஜூனில், என் மனைவி மகளைத் தன்னோடு அந்தக் கிராமத்துப் பள்ளிக்கே கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தாள். கொள்கை ஒன்றும் இல்லை, வேறு வழியில்லை. மகளுடைய இங்கிலீஷ் என்னவாகும் என்று எனக்கு இன்றும் பயம்தான். எங்கள் வீட்டின் முதல் கோட்டிலிருந்து ஒரு பள்ளிக் கட்டணமும் வேன் கட்டணமும் இறங்கின. ஓர் அரை டிக்கெட் ஏறியது.

டி.சி. வாங்கிப்போன அந்தச் சிறுமி அவர்கள் பள்ளியில் இல்லை. கேளம்பாக்கத்தில் பள்ளிகள் பல. போகிற வழியெல்லாம் சாரம் கட்டிய கட்டடங்களின் பின்னால் தகரக் கொட்டகை தெரிகிறதா என்று என் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போகிறாளாம். மகள் சொன்னாள்.

காலையில் ஒரே ஸ்டாப்பிங்கில்தான் நிற்கிறோம்; அவர்கள் பஸ் வேறு, என் பஸ் வேறு. கூட்டம் அதிகமானால் முதல் பஸ் சில நாள் நிற்காமல் போய்விடும். என்னுடைய பஸ் வந்தாலும் நான் ஏறுவதில்லை. அவர்கள் இருவரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்த பிறகுதான் ஏறுவேன்.