பால்மாப் பேணியின் மூடி

எங்கள் குசினியில் சீனிப் போத்தலின் வாயில் கவிழ்த்து வைத்திருப்பது, பால்மா அடைத்து வந்த ஒரு தகரப் பேணியின் மூடி. போத்தலுக்கும் அதற்கும் ஒரு பொருத்தமும் இல்லை. எறும்பு தாராளமாகப் போய்வரும். விளிம்பில் ஓரிடம் நசுங்கி, உட்புறம் துரு ஏறி, பார்க்கவே சகிக்காத கோலத்தில் கிடக்கிறது. மகள் அதை இரண்டு தரம் குப்பைக்குள் போட்டாள். இரண்டு தரமும் நான் குப்பையைக் கிண்டி எடுத்தேன். போன கிழமை, வெளிநாட்டுக்குப் படிக்கப் போவதற்காகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவள், தேத்தண்ணி போட வந்த இடத்தில், "அம்மா, ஒரு மூடி வாங்க வழியில்லாத ஆக்களோ நாங்கள்?" என்று கேட்டாள். எனக்குச் சுரீரென்று ஏறியது. "உனக்கு அதின்ரை அருமை தெரியாது, வைச்சிட்டுப் போ" என்று கத்திவிட்டேன். தெரியாதுதான். தெரிவதற்கு நான் எப்போதாவது வாய் திறந்தேனா? அந்த மூடியால் அளந்து கொடுத்த தண்ணீரில்தான் அவள் இன்றைக்கு உயிரோடு நிற்கிறாள். அப்போது அவளுக்கு நாலு வயது.

சண்டை உச்சத்தில் நின்ற காலம் அது. மகளுக்கு மருந்து வாங்கவென்று கொழும்பின் காலி வீதிக்கு இறங்கிப் போன என் கணவர் திரும்பி வராமல் எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் ஏறாத கந்தோர் இல்லை, வைக்காத நேர்த்தி இல்லை. வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறைக்கு இரண்டு முறை ஆட்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் முறை வந்தால் என்னையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், பிள்ளை நடுத்தெருவில் நிற்கும் என்ற பயத்தில் நாட்டைவிட்டுப் போக வழி தேடினேன். கடைசியில் ஒரு விடியற்புறம், ஹெந்தளைக் கடற்கரையில், மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கினேன். பேலியகொடைச் சந்தைக்கு மீன் கொண்டுபோகிற சின்னப் போட் ஒன்று தள்ளி நின்றது. இயந்திரமும் இருந்தது, பாய் கட்டுகிற மரமும் இருந்தது. அதற்குள் முப்பத்திரண்டு பேர். அவுஸ்திரேலியாவுக்கு எத்தனை நாள் என்று கேட்டதற்கு, வயதுபோன சிங்கள ஓட்டி, "தவஸ் தஹயாய், நோனா" என்று பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். அந்தப் பத்து நாளை நாங்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டோம்.

கடலில் குடித்தனம் நடத்துவதென்றால் என்ன என்று போன பிறகுதான் தெரிந்தது. மீனுக்கு ஐஸ் போடுகிற கிடங்குதான் எங்களுக்கு வீடு. பெண்களும் பிள்ளைகளும் அதற்குள் முட்டியும் முழங்காலுமாக இடித்துக்கொண்டு கிடந்தோம். எத்தனை தரம் கழுவினாலும் மீன்நாற்றம் போகாது. அதோடு, அலையில் தலைசுற்றி எடுத்த சத்தி நாற்றமும் சேர்ந்துகொண்டது. கக்கூசுக்கென்று பின்பக்கம் ஒரு பலகை, அதைச் சுற்றி ஒரு சேலை. ஒரு பெண் எழும்பிப் போகும்போது செருமிக்கொண்டு போவாள். உடனே ஆம்பிளைகள் எல்லோரும் முன்பக்கம் பார்த்துத் திரும்பிவிடுவார்கள். யாரும் பேசி வைத்த ஒழுங்கில்லை, தானாக வந்தது. முறை வைத்துத் தண்ணீர் இறைத்தோம். பாதிக் கடல்நீரும் பாதி நல்லநீரும் விட்டுச் சோறு வைத்தோம். வைத்தவர் ஒருத்தர்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நின்றவர். ஊர் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். சுற்றிவளைப்பு நடக்கிற நேரமெல்லாம் தன்னைத்தான் முதலில் ஏற்றுகிறார்கள் என்று வெறுத்துப்போய் வந்ததாக யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். அலையில் போட் ஒருபக்கம் சரிய, ஒரு கையால் கேத்தலையும் மறு கையால் அடுப்பையும் பிடித்துக்கொண்டு முப்பத்திரண்டு பேருக்கும் இஞ்சி போட்டுப் பிளேன்டீ தந்தார். அப்படி ஒரு தேத்தண்ணியை நான் பிறகு குடிக்கவில்லை. அவரைத் தேத்தண்ணிக்காரன் என்றோம். இப்போது அவர் என்று எழுதுகிறேன். அப்போது எங்கள் வாயில் அவன்தான்.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை வந்தது. நாங்கள் ஒன்பது பெண்கள். பெரும்பாலும் யாழ்ப்பாணத்து ஆட்கள், வெள்ளவத்தையில் இருந்து பழகியவர்கள். வெள்ளிக்கிழமை தலைமுழுகாமல் விளக்குக் கொளுத்துகிற வழக்கம் எங்களுக்குப் பிறந்த நாளிலிருந்து இல்லை. பலகைச் சுவரில் ஒரு பிள்ளையார் படம் ஒட்டியிருந்தோம். அவருக்கு எப்படி முழுகாத தலையோடு கற்பூரம் காட்டுவது? நம்புங்கள், ஒருத்தி சீயாக்காய்த் தூளே சரை கட்டிக் கொண்டுவந்திருந்தாள். நாங்கள் நல்லதண்ணிப் பீப்பாவைத் திறந்தோம். தேத்தண்ணிக்காரன் கரண்டியும் கையுமாக ஓடிவந்தார். "அக்கா, அக்கா, அது குடிக்கிற தண்ணிங்க! கடத்தண்ணியில குளிச்சுக்கங்க, கும்புட்டுக் கேக்கிறேன்" என்றார். "பத்து நாளுக்கு அஞ்சு பீப்பா கிடக்குது. நீர் உம்மடை அடுப்பைப் பாரும்" என்றாள் ஒருத்தி. நான் சும்மா இருந்தேனா? "தோட்டத்திலை இருந்து வந்தவனுக்கு வெள்ளி என்ன, செவ்வாய் என்ன" என்று ஒரு சொல்லும் சேர்த்து எறிந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அரைப் பீப்பா போனது. பலகையில் நுரையோடு ஓடிய தண்ணீரை அவர் துணியால் ஒற்றி ஒற்றி ஒரு சட்டிக்குள் பிழிந்துகொண்டிருந்தார். ஈரத் தலையைத் துவட்டியபடி நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு சுகமாக இருந்தது அந்த முழுக்கு!

ஏழாம் நாள் இயந்திரம் நின்றது. ஓட்டி இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, எண்ணெய்க் கையைத் துடைத்து எறிந்துவிட்டுப் பாய் கட்டினார். நீலத் தறப்பாள்தான் பாய். அது அன்றைக்கே காற்றில் கிழிந்தது. சேலைகளைக் கேட்டார். என்னிடம் இருந்தது என் கூறைச்சேலை. என் கணவர் வந்தால் இதைக் காட்ட வேண்டும் என்று என்ன பைத்தியக்கார எண்ணத்தில் அதைக் கொண்டு வந்தேனோ தெரியாது. கொடுத்தேன். மீன்வலை ஊசியால் ஆறு சேலைகளைச் சேர்த்துத் தைத்தோம். அதற்குப் பிறகு எங்கள் சீவியம் காற்றைப் பார்க்கிற சீவியமாகிவிட்டது. காற்று அடித்தால் கயிற்றை இழுத்துப் பிடிக்க எட்டுப் பேர்; அடிக்காவிட்டால் முப்பத்திரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு கிடப்போம். என் கூறை சும்மா தொங்கும். பத்தாம் நாள் வந்தது, போனது. அன்று காலையில்தான் தேத்தண்ணிக்காரன் அடுப்பை அணைத்துவிட்டு, பீப்பாக்களுக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். கையில் இந்த மூடி. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, பின்னேரம் ஒன்று. பெரியவர், சின்னவர், ஓட்டி, தான், எல்லோருக்கும் ஒரே அளவு. ஒவ்வொரு விடியலிலும் ஒரு தடியைப் பீப்பாவுக்குள் விட்டு, நனைந்த இடத்தை நகத்தால் கீறி வைப்பார். கை நடுங்காமல், சிந்தாமல், தேத்தண்ணி ஆற்றிப் பழகிய கையால் நிரப்பித் தருவார். ஒருநாள் மழை பெய்தது. பாயைத் தாழ்த்திப் பிடித்து, சேலை பிழிந்து அரைப் பீப்பா சேர்த்தோம். சாயமும் உப்பும் கலந்த தண்ணீர்; அமிர்தம் என்று குடித்தோம். அதற்குப் பிறகு வானம் கண்ணைத் திறக்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள் மகளுக்குக் காய்ச்சல் பிடித்தது. உதடு வெடித்து, நாக்குத் தடித்து, அழுதால் கண்ணீர் வராது. "தண்ணி" என்று சொல்லக்கூட மாட்டாள். என் கையைப் பிடித்து மூடி மாதிரி விரித்துக் காட்டுவாள். நான் என் பங்கையும் அவளுக்கே பருக்கினேன். போதவில்லை. ஒரு பின்னேரம் அவள் கண் மேலே செருகுவதைப் பார்த்துவிட்டுப் பீப்பாவடிக்கு ஓடினேன். தோட்டத்தான் என்று சிரித்த நான், அவர் காலில் விழுந்தேன். ஒரு மூடி, ஒரே ஒரு மூடி. அவர் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்தார். பிறகு, "தண்ணி அது வேளைக்கு வந்துரும்க்கா. இன்னைக்கு ரெண்டு குடுத்தா நாளாண்டைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணுமே இருக்காது" என்றார். எனக்கு விசர் பிடித்தது. எங்களூரில் வயிறெரிந்த பெண் மண் அள்ளித் தூற்றுவாள். நடுக்கடலில் மண்ணுக்கு எங்கே போவது? விளிம்பில் குனிந்து கடலை இரு கையாலும் அள்ளி அவர் முகத்தில் எறிந்தேன். "என்ரை பிள்ளை துடிக்க நீ பாத்துக்கொண்டு நிக்கிறாய். நீ வீடு போய்ச் சேரமாட்டாய். இருந்த இடமும் தெரியாமல் போவாய்!" என்று கத்தினேன். அவர் மூடியை நெஞ்சோடு அணைத்து, அதற்குள் உப்புத்தண்ணீர் படாமல் திரும்பி நின்றார். முகத்தைப் பிறகுதான் துடைத்தார்.

இருபத்தேழாம் நாள் எங்களோடு வந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் செத்துப்போனார். உயிர் போகிற நேரம் வாயில் விட, அவருடைய பின்னேரப் பங்கை மகன் முன்கூட்டிக் கேட்டான். தேத்தண்ணிக்காரன் மறுபேச்சில்லாமல் ஒரு மூடி நிரப்பிக் கொடுத்தார். பாதி உள்ளே போனது, பாதி கடைவாயால் வழிந்தது. பாயில் ஒரு சேலையை அறுத்துச் சுற்றி ஐயாவைக் கடலில் விட்டோம். நாலு நாளில், முப்பத்தோராம் நாள் காலையில், ஒரு சரக்குக் கப்பல் எங்களைக் கண்டது. கப்பல்காரர் கயிற்றேணியால் தண்ணீர்ப் போத்தல்களோடு இறங்க, நாங்கள் போத்தலைக் குடித்தோமா கடித்தோமா தெரியாது. அப்போதுதான் அந்த மகன் பீப்பாவை எட்டிப் பார்த்தான். அடியில் நாலு விரற்கடை தண்ணீர் இருந்தது. "இவ்வளவு தண்ணியை வைச்சுக்கொண்டோடா என்ரை அப்பாவைச் சாகவிட்டனி!" மூடியைப் பறித்து முகத்தில் அடித்தான். இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். அவர் கையைத் தூக்கவில்லை. இரத்தம் வழிகிற வாயோடு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இன்னைக்குக் கப்பல் வரும்னு எனக்கு எப்புடிங்க தெரியும்?"

நான் அங்கேதான் நின்றேன். மகள் என் இடுப்பில் இருந்தாள், கண் திறந்து, தண்ணீர் குடித்தபடி. அந்த இடத்தில் சொல்ல என்னிடம் இரண்டு பேச்சு இருந்தது. ஒன்று, இவர் அளந்து தந்திராவிட்டால் இந்தப் பிள்ளை இல்லை என்பது. மற்றது, நாங்கள் ஒன்பது பேர் தலையில் ஊற்றிய அரைப் பீப்பா இன்னும் பத்து நாளைக்குப் போதுமாக இருந்திருக்கும், தபாலதிபரைக் கொன்றது எங்கள் வெள்ளிக்கிழமை என்பது. மற்ற எட்டுப் பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பேசாமல் குனிந்து, காலடியில் வந்து விழுந்த மூடியை எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். அவ்வளவு துணிச்சல்தான் எனக்கு.

கொழும்புக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். விசாரணை முடிந்து, பெண்களையும் பிள்ளைகளையும் ஒரு பக்கம் விட்டு, ஆம்பிளைகளை பஸ்ஸில் ஏற்றினார்கள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவர் இருந்தார், வீங்கிய வாயோடு. மகளைக் கண்டதும் பெருவிரலை வாய்க்கு நேரே சரித்து, குடித்தாயா என்று சைகையால் கேட்டார். பிள்ளை தலையாட்டினாள். அவரைத் தெரிந்தமாதிரிக் காட்டினால் என்னையும் மறித்துவைப்பார்களோ என்று பயந்து, அவளை இழுத்து அவள் முகத்தை என் சேலைக்குள் புதைத்தேன். பஸ் போய்விட்டது. மூன்று மாதம் கழித்து, சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கவென்று கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஒவ்வொரு தேத்தண்ணிக் கடையாக ஏறி இறங்கினேன். "பேரச் சொல்லுங்கக்கா. தேத்தண்ணி போட்டவனுங்க இங்க எத்தன பேரு?" என்றார்கள். ஒருவர் மட்டும், அப்படி ஒருத்தனைப் பிடித்தார்கள், பிறகு ஊருக்கும் வரவில்லையாம், தாய் வந்து அழுதுவிட்டுப் போனாள் என்றார். காணாமற்போனவர்களைப் பதிகிற இடத்துக்கு ஓடினேன். படிவத்தின் முதல் கட்டம் பெயர். பேனையை வைத்துவிட்டு எழும்பி வந்தேன்.

இவ்வளவையும் போன கிழமைதான் மகளுக்குச் சொன்னேன். கத்தியதற்குச் சமாதானமாகத் தொடங்கி, நிறுத்த முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சாபம் போட்டதையும் சொன்னேன். அவள் அழுவாள், என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். "அவரின்ரை பேர் என்னம்மா?" என்று மட்டும் கேட்டாள். இருபத்தொரு நாள், ஒரு நாளைக்கு மூன்று தரம், அந்தக் கைக்கு முன்னால் நான் வாயைத் திறந்திருக்கிறேன். பேரைக் கேட்கத்தான் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் பயணத்துக்கு அர்ச்சனை செய்யக் கோயிலுக்குப் போனோம். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, "பேர், நட்சத்திரம்?" என்றார். மகளுடையதைச் சொன்னேன். அவள் தன் கையிலிருந்த இரண்டாவது தட்டையும் நீட்டினாள். எனக்குத் தெரியாமல் வாங்கியிருக்கிறாள். "இது ஆரின்ரை பேருக்கு?" என்றார் ஐயர். அவள் என்னைப் பார்த்தாள். பின்னால் ஆட்கள் நெரித்தார்கள். "பேர் தெரியாட்டில் சுவாமி பேருக்குச் செய்யலாம் பிள்ளை" என்று ஐயரே வழி சொன்னார். "ஓம், சுவாமி பேருக்குச் செய்யுங்கோ" என்றேன். ஐயர் மணியை அடித்துக்கொண்டு உள்ளே போனார். நான் வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் சீனிப் போத்தலிலிருந்து மூடியை எடுத்துக் கழுவினாள். பைப்பின் கீழே பிடித்து நிரப்பி, ஒரு சொட்டும் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோய்க் குடித்தாள். இரண்டு மிடறுக்கும் போதவில்லை. வெறும் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானோ அம்மா?"

"ஓம். இவ்வளவுதான்."

பின்னால் பைப் சரியாகப் பூட்டாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய்ப் பூட்டினேன்.