ரெண்டு மணி எங்களுது

நேற்று மத்தியானம் எங்கள் வீட்டு அடுப்பு மேடையில் எறும்பு. கொஞ்ச நஞ்சமல்ல, ஜன்னல் விளிம்பில் கிளம்பி சர்க்கரை டப்பா வரைக்கும் ஊர்வலம். "மருந்து வாங்கியாரட்டா?" என்று என் வீட்டுக்காரர் பதறுகிறார், நானோ தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். எறும்பைக் கண்டால் எனக்குக் எங்கள் பழைய கத்திவாக்கத்து கேரம் ரூம் ஞாபகம் வந்துவிடும், என்ன செய்ய!

எங்கள் பக்கத்தில் கேரம் என்றால் உயிர். தெருவுக்குத் தெரு ஒரு மன்றம், மன்றத்துக்கு ஒரு போர்டு, போர்டைச் சுற்றி ஆம்பளைகள். நாங்கள் அந்த வாசலைக் கடக்கும்போது உள்ளே எட்டிக்கூடப் பார்க்க மாட்டோம். பொம்பளைகள் வரக்கூடாது என்று யாரும் சட்டம் போட்டதில்லை. போடவேண்டிய அவசியமே வந்ததில்லை.

எண்ணெய் வெள்ளம் வந்த வருஷம்தான் அது மாறியது. மழைத் தண்ணீரோடு எங்கிருந்தோ எண்ணெயும் சேர்ந்து வந்து வீட்டுக்குள் ஏறியது. வடிந்த பிறகு பார்த்தால் சுவர், பாத்திரம், பாய் எல்லாம் கறுப்பு. அந்த வாடை இருக்கிறதே, சோறு பிசையும்போது கையிலிருந்து வரும். எனக்கு அப்போதுதான் துணி கம்பெனியில் நைட் ஷிப்ட் வேலை கிடைத்திருந்தது. பகலெல்லாம் வீட்டைத் தேய்த்துவிட்டு, ராத்திரி மிஷினில் தூங்கி விழுந்து திட்டு வாங்குவேன்.

மேட்டில் இருந்ததால் மன்றத்து ரூம் மட்டும் தப்பியது. மிஞ்சின மூட்டை முடிச்சுகளை அங்கே வைத்துக்கொள்ளச் சொல்லி, செயலாளர் துரை அண்ணனே எங்களிடம் ஒரு சாவியைக் கொடுத்தார். நல்ல மனுஷன்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா ஆற்றில் இறால் பிடிக்கிறவர். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையாலேயே துழாவிப் பிடிப்பார். எண்ணெய் படிந்த பிறகு ஆற்றில் யாரும் இறங்கவில்லை. ஓயாமல் பேசுகிற அக்கா, மடியில் கையை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்து உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். வெள்ளத்தைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் மூட்டையை எடுக்க அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். மூட்டைக்கு அடியில் போர்டு. அக்கா ஒரு காயை வைத்து, ஸ்ட்ரைக்கரை எடுத்து ஒரு சுண்டு சுண்டினார். டக்! நேராக பாக்கெட்டுக்குள். "அட, இன்னாடி இது, சொன்ன பேச்ச கேக்குது!" என்று சிரித்தார் பாருங்கள். எத்தனையோ வாரம் கழித்துக் கேட்ட சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறமென்ன, தினமும் ரெண்டு மணி ஆனால் தெருப் பெண்கள் அங்கேதான். ஆம்பளைகள் வெளியே போயிருக்கும் நேரம், ஒருத்தருக்கும் தெரியாது. என் ஆட்டத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். நான் அடித்த ஸ்ட்ரைக்கர் ஜன்னல் வழியாகப் போய் ஒரு ஆட்டின் முதுகில் விழுந்தது, அவ்வளவுதான் சொல்வேன். யார் பொண்டாட்டி, யார் அம்மா, யார் வீட்டில் எவ்வளவு நாசம், இதெல்லாம் அங்கே பேச்சே இல்லை. "உன் ஆட்டம்டி, ஆடு!" அது ஒன்றுதான் கேட்கும். அதைக் கேட்க மனசு காலையிலிருந்தே காத்துக்கிடக்கும்.

ஒரே குறை பவுடர். காய் வழுக்கி ஓட போரிக் பவுடர் தூவ வேண்டும், அது துரை அண்ணனின் பூட்டிய அலமாரியில். "பவுடர் இல்லாங்காட்டி இன்னா, வூட்ல அரிசி மாவு கீது" என்று அக்கா டப்பாவோடு வந்தார். சும்மா சொல்லக்கூடாது, காய் பறந்தது. ஆடி முடித்ததும் முந்தானையால் துடைத்துவிட்டு வருவோம். மாசக்கணக்கில் இப்படி ஓடியது. ஒருநாள் சிரித்த சிரிப்பில் துடைக்க மறந்தோம்.

சாயங்காலம் ஆம்பளைகள் வந்து லைட்டைப் போட்டால் போர்டு முழுக்க எறும்பு. ஸ்ட்ரைக்கரைத் தொட்ட துரை அண்ணன் கையை உதறிக்கொண்டு குதிக்கிறார். சத்தம் கேட்டு நாங்கள் அங்கே ஓடினோம்.

"போர்ட கலீஜ் பண்ணிட்டீங்களேக்கா! குடு சாவிய. நீங்கல்லாம் இங்க குந்திகினு இருந்தா வூட்ல டீ யாரு போடறது?"

அக்கா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "குடிக்கிறவன் போடட்டும். வா துரை, ஒரு போர்டு ஆடலாம். நீ ஜெயிச்சா சாவி உன்னுது, நாங்க வாசப்படி மிதிக்க மாட்டோம். நான் ஜெயிச்சா ரெண்டுலேர்ந்து நாலு எங்களுது."

ஆம்பளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். துரை அண்ணனோ கேரம் போட்டிகளில் கோப்பை கோப்பையாக வாங்கியவர். அக்கா தோற்றால் மறுபடி அந்தச் சுவர் முன்னால்தான் போய் உட்காருவார், எனக்குத் தெரியும்.

போர்டைத் துடைத்து, அலமாரியைத் திறந்து, அசல் பவுடர் தூவி ஆட்டம் ஆரம்பித்தது. கடைசியில் துரை அண்ணனுக்கு ஒரே ஒரு கறுப்புக் காய் மிச்சம். அக்காவுக்கு ஒரு வெள்ளையும் நடுவில் சிவப்பும். சிவப்பைப் போட்டால் போதாது, அடுத்த அடியிலேயே சொந்தக் காய் ஒன்றைப் போட வேண்டும். தவறினால் சிவப்பு திரும்ப நடுவுக்கு வந்துவிடும். அதற்கு ஃபாலோ என்று பேர். அக்கா சிவப்பைப் போட்டுவிட்டார். வெள்ளையோ கறுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது. அக்கா விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரு சுண்டு. ஸ்ட்ரைக்கர் எதிர்க் கட்டையில் மோதித் திரும்பி வந்து வெள்ளையைத் தட்டியது. அது மெதுவாக, எங்கள் உயிரை எடுத்துக்கொண்டே வழுக்கிப் போய் பாக்கெட்டில் விழுந்தது.

நாங்கள் போட்ட கூச்சல் எண்ணூர் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்! அக்கா மட்டும் கத்தவில்லை, தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். துரை அண்ணன் பவுடர் டப்பாவை அவர் முன்னால் வைத்து, "இனிமே மாவு போடாதக்கா" என்றார். எறும்பு கடித்த விரலால்தான் தோற்றேன் என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். சொல்லிக்கொள்ளட்டும்.

அந்த ரூம் இப்போது இல்லை. ரோடு அகலப்படுத்தும்போது இடித்தார்கள். அந்த போர்டும் போன இடம் தெரியவில்லை. ஆற்றில் பழைய மாதிரி இறாலும் இல்லை. தெருக்காரர்கள் திசைக்கொருவராகப் போய்விட்டோம். அக்கா அத்திப்பட்டுப் பக்கம், நான் விம்கோ நகரில். அந்த ரூமை இடித்த மறுநாள், எல்லாரும் இன்னும் அதே தெருவில் இருந்தபோது, ரெண்டு மணிக்குக் கால் தானாக அங்கே போய் நின்றது. பார்த்தால் எல்லாருமே வந்திருக்கிறோம். செங்கல் குவியலைப் பார்த்து நான் அழுதேன். அக்கா என் முதுகில் ஒன்று வைத்தார். "ரூமுதான்டி போச்சு. ரெண்டு மணி போவலியே."

போகவில்லைதான். இன்றைக்கும் மத்தியானம் ரெண்டிலிருந்து நாலு வரை என் வீட்டில் யார் கேட்டாலும் டீ கிடையாது. என் வீட்டுக்காரர் தானே போட்டுக் குடிக்கிறார். பாவம், சர்க்கரையைத்தான் மேடையெல்லாம் சிந்திவிடுகிறார்.