கேஷுவால்டியில் தனியாள்

என் தம்பி இளஞ்செழியன் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு லாஸ்பேட்டையில் ஒரு நர்ஸிங் ஹோமில் டியூட்டி டாக்டராக இருந்தான். சாப்பாடு என் வீட்டில். பெண் பார்க்கப் போன இடத்தில் எதில் ஸ்பெஷலிஸ்ட் என்று கேட்டார்கள். எமர்ஜென்சி மெடிசின் படிக்கப்போவதாகச் சொன்னான்.

"கேஷுவால்டியா? அதுக்கு ஒரு படிப்பா?" என்றார் பெண்ணின் அப்பா.

"உங்களுக்கு நெஞ்சு வலி வந்தா மொதல்ல அங்கதாங்க போவணும்" என்றேன். அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

2009-இல் அவன் முன்னால் இரண்டு இடங்கள் இருந்தன. சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் கடைசியில் தருவது அவர்களே அச்சடித்த சான்றிதழ், அரசாங்க வேலைக்கு உதவாது. எங்கள் ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் புதிதாக எம்.டி. ஆரம்பித்திருந்தார்கள். பட்டம் செல்லும். சொல்லித்தர ஆள் உண்டா என்றுதான் தெரியவில்லை. டாக்டர் என்று சொல்லிப் போனவனை ஏசி அறையில் உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து, கேஷுவால்டியைக் காட்டாமலே அனுப்பிவிட்டார்கள்.

"அக்கா, நீ பேஷண்டா வா. தலை சுத்துதுன்னு சொல்லு. நான் கூட வந்த ஆளா நின்னு பாக்கறேன்."

"ஏன்டா, நீ காலேஜ் பாக்க நான் ஊசி குத்திக்கணுமா?"

"பிரஷர் மட்டுந்தான் பாப்பாங்க. வாக்கா."

குழம்பை இறக்கி வைத்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறினேன்.

அந்தக் கல்லூரி கேஷுவால்டியில் ஒரே ஒரு டாக்டர்தான் இருந்தாள். அமுதவல்லி என்று பெயர், அந்த எம்.டி.யில் முதல் வருஷம். என் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தவள் மறுபடியும் பார்த்தாள்.

"நூத்தி எழுவது இருக்கும்மா. மாத்திரை எதாச்சும் சாப்புடுறீங்களா?"

பொய் சொல்லி வந்த இடத்தில் வியாதி நிஜமாகிவிட்டது. தம்பியை முறைத்தேன்.

அதற்குள் தட்டாஞ்சாவடிப் பட்டறையிலிருந்து சாமிக்கண்ணு என்பவரை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். சட்டையெல்லாம் வேர்வை. கட்டிலில் கிடத்தியதும் பேச்சு நின்றது. அமுதவல்லி அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். நர்ஸ் பெரிய டாக்டருக்குப் போன் போட்டாள்.

"சார் மீட்டிங்ல இருக்காராம் மேடம்."

தம்பிக்கு அதற்குமேல் சும்மா நிற்க முடியவில்லை. "நான் டாக்டர்தான், தள்ளுங்க" என்று அவன் அழுத்தினான். அவள் மிஷினை இழுத்து வந்து இரண்டு தரம் ஷாக் கொடுத்தாள். நாடி திரும்பியது.

சாமிக்கண்ணுவை ஐ.சி.யு.வுக்கு அனுப்பிய பிறகு தம்பி உண்மையைச் சொன்னான். அவள் கோபப்படவில்லை.

"இன்னொரு சீட்டு காலியா இருக்கு சார். வந்துடுங்க. ரெண்டு பேரு இருந்தா ஒருத்தர் அழுத்தலாம், ஒருத்தர் யோசிக்கலாம்."

"சொல்லிக்குடுக்க யாரு இருக்காங்க?"

"புக்கு இருக்கு சார்."

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"சாப்புடு, இல்ல கைய கழுவு" என்றேன். "அந்தப் பொண்ணு பாவம்னு சேரப் போறியா? இல்ல பட்டத்துக்கா?"

"பட்டம் இல்லன்னா டியூட்டி டாக்டராவே கெடக்கணும்க்கா. அங்க சேந்து நான் தப்பு பண்ணா, தப்புன்னு சொல்லக்கூட ஆள் இல்ல. பேஷண்ட் செத்தாத்தான் எனக்குத் தெரியும்."

"அப்ப சென்னைக்குப் போ."

"அவ?"

அவன் தட்டில் ரசத்தை ஊற்றினேன்.

சென்னைக்குத்தான் விண்ணப்பம் போட்டான். அதை அவளிடம் நேரில் சொல்ல வேண்டும் என்றான். என் பிரஷரையும் பார்த்துவிடலாம் என்று கூடப் போனேன்.

"நல்லது சார்" என்றாள் அமுதவல்லி. குரலில் குத்தல் இல்லை. என் பக்கம் திரும்பி, "நான் எழுதிக்குடுத்த மாத்திரைய நிறுத்திடாதீங்கம்மா" என்றாள். வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அவள் எழுந்து ஓடினாள். அன்றைக்கும் அவள் ஒருத்திதான்.

வாசலுக்கு வந்த தம்பி, உள்ளே பார்த்தபடி நின்றுவிட்டான்.

"டேய், வா" என்றேன்.

வந்தான்.