இரண்டாம் பக்கம், ஏழாவது நிமிடம்

வுப்பர்டால் நகரத்தில் தொங்கு ரயில் ஓட்டிய எக்கார்ட் கோட்ஹவுஸுக்கு வாழ்க்கையில் இரண்டே விஷயங்களில் பிடிவாதம். ஒன்று, வண்டி நிமிடம் தவறாமல் கிளம்ப வேண்டும். மற்றொன்று, 'ஈரக் கம்பளி' என்ற ராக் குழு 1973-இல் போட்ட ஒரே இசைத்தட்டான 'மூன்றாம் ஷிஃப்ட்'டுக்கு ஈடாக உலகத்தில் இன்னொன்று வரவில்லை, வரப்போவதும் இல்லை. முதல் விஷயத்தில் ஊரே அவர் பக்கம். இரண்டாவதில் ஊருக்கு அபிப்பிராயமே கிடையாது. கேட்டவர்கள் அவ்வளவு குறைவு. கேட்டவர்களிலும் பாதிப் பேர், கேட்காமலே இருந்திருக்கலாம் என்றுதான் நினைத்தார்கள்.

அது அப்படிப்பட்ட இசை. பார்மனில் மூடிக் கிடந்த ரிப்பன் நெசவாலைக்குள் நான்கு வாலிபர்கள் புகுந்து, துருப்பிடித்த தறியைக் கையால் ஆட்டி, அதன் தடதடப்புக்கு டிரம் அடித்து, கிடாரைத் தரையோடு தரையாக இழுத்து, போதாக்குறைக்கு வேக்குவம் கிளீனரையும் ஓடவிட்டுப் பதிவு செய்தது. வாய்விட்டுப் பாட ஒரு வரி கிடையாது. முந்நூறு தட்டுகள் அடித்தார்கள். பாதிக்கு மேல் நிலவறையில் வைத்திருந்தபோது வுப்பர் ஆறு உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனது. மறு வருடம் குழுவும் கலைந்தது.

எக்கார்ட் அந்தக் குழுவை ஓர் இளைஞர் மன்றத்தில் ஒரே ஒரு முறை நேரில் கேட்டிருந்தார். அன்றிலிருந்து மனிதர் மனிதராக இல்லை. தட்டு கிடைக்கவில்லை. அந்த நேரத்தில்தான், ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு இசைத்தட்டு முழுவதையும் இடைவெளியில்லாமல் ஒலிபரப்பப் போவதாக வானொலியில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு எக்கார்ட் எங்கே இருப்பார்? ஆற்றுக்கு மேலே, வண்டிக்குள்ளே, ஓபர்பார்மனுக்கும் ஃபோவிங்கலுக்கும் நடுவில்.

அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. மருந்துக்கடையில் வேலை பார்த்த ரோஸ்விதாவோடு ஆறு மாதமாகப் பழக்கம்.

"நான் பதிவு பண்ணித் தர்றேன். ஓட்டுறதுதான் தொங்குற ரயில்னா மூஞ்சியுமா தொங்கணும்?" என்றாள் அவள். அவளுடைய அப்பாவிடம் புதிதாக ஒரு கேசட் ரெக்கார்டர் இருந்தது.

எக்கார்ட் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் கொடுத்தார். இந்த ஒயரை ரேடியோவின் முதுகில் இங்கே சொருக வேண்டும், மறுமுனையை ரெக்கார்டரில் அங்கே சொருக வேண்டும், அப்படிச் செய்தால் வெளிச்சத்தம் ஒரு துளியும் விழாது. ரோஸ்விதா தலையை ஆட்டினாள். தலையை ஆட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

திங்கட்கிழமை அவருடைய வாடகை அறையில் இருவரும் உட்கார்ந்து அந்தக் கேசட்டைக் கேட்டார்கள். இரண்டாம் பக்கம் ஏழாவது நிமிடத்தில் தறி நிற்கிறது. டிரம் நிற்கிறது. கிடாரின் ரீங்காரம் மட்டும் மெலிதாகக் கேட்கிறது. அந்த வெறுமையில், டொக். கொஞ்சம் பொறுத்து, டொக். ஒழுங்கில்லாத இடைவெளியில் பதினோரு சொட்டுகள். பிறகு ஒரு பெண் மூச்சை உள்ளே இழுக்கிறாள், நடுங்க நடுங்க. அவ்வளவுதான், தறி மறுபடியும் பேய் மாதிரிக் கிளம்புகிறது.

எக்கார்ட் அழுதுவிட்டார். தேம்பித் தேம்பி அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரோஸ்விதா, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?" என்று கேட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடம். சனிக்கிழமை மதியம், சாப்பாட்டுக்கும் தோட்ட வேலைக்கும் நடுவில், கேசட் ஓடும். "ஆரம்பிச்சாச்சா வாஷிங் மெஷினை?" என்பாள் ரோஸ்விதா. "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்பார் அவர். "அந்தக் கழுதைதான் உன் சட்டையைத் தேய்க்குது, ஞாபகம் வச்சுக்க" என்பாள். ஆனாலும் எதிரே உட்கார்ந்து பின்னல் போடுவாள். ஏழாவது நிமிடம் நெருங்கும்போது மட்டும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்விடுவாள். திரும்பி வரும்போது கண் சிவந்திருக்கும். எக்கார்ட் ஒன்றும் கேட்கமாட்டார். நல்ல கலை சிலரை அப்படித்தான் தாக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இந்த விஷயத்தை அவர் எழுதவும் செய்தார். 'தறிச்சத்தம்' என்று நான்கு பக்கத்தில், வருடத்துக்கு இரண்டு முறை, ரசிகர்களுக்காக ஒரு மடல் தட்டச்சு செய்து அனுப்புவார். நாற்பது பேர் வாங்கினார்கள். நாற்பது பேரிடமும் இருந்தது எக்கார்டின் கேசட்டிலிருந்து எடுத்த பிரதிதான். பதினோரு சொட்டு என்பது ஆலையில் இருந்த பதினோரு தறிகள் என்று அவர் நிறுவினார். மூச்சை இழுப்பவள் ஷிஃப்ட் முடிந்து களைத்து நிற்கும் நெசவுப்பெண். ஸோலிங்கனில் ஒரு பள்ளி ஆசிரியர், சொட்டு பன்னிரண்டு என்று மறுத்து எழுதினார். இரண்டு பேரும் இரண்டு வருடம் பேசிக்கொள்ளவில்லை. 'இந்த இசையே பிடிக்காத என் மனைவியால்கூட இந்த இடத்தைத் தாங்க முடிவதில்லை' என்று எக்கார்ட் ஒரு கட்டுரையை முடித்தபோது, தட்டச்சில் பிழை பார்த்துக்கொண்டிருந்த ரோஸ்விதா அந்தக் காகிதத்தோடே சமையலறைக்கு ஓடினாள்.

2008-இல் ரோஸ்விதா இறந்துபோனாள். வசந்தத்தில் வயிற்று வலி என்றாள், இலையுதிர்காலத்தில் அவளே இல்லை. மூன்று பெட்டி நிறையப் புகைப்படங்கள் இருந்தன. குரல் ஒன்றுகூட இல்லை. தொலைபேசியில் செய்தி விடச் சொல்லும் குரலும் எக்கார்டுடையதுதான். முப்பத்தைந்து வருடம் ஒலியைப் பற்றியே எழுதித் தள்ளிய மனிதர், வீட்டுக்குள் இருந்த குரலை ஒரு தடவை பதிவு செய்து வைக்கவில்லை. அதை நினைத்தால் அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வரும். அந்தக் குரலின் சாயல் மனதில் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்தது. அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

மூன்று வருடம் கழித்து, கொலோன் நகரத்தில் ஒரு சிறிய நிறுவனம் 'மூன்றாம் ஷிஃப்ட்'டை மறுபடி வெளியிட முன்வந்தது. டிரம் வாசித்த உல்ஃபின் பரணில் மூல நாடா கிடைத்திருந்தது. உள்ளுறையில் போட ரசனைக் கட்டுரை எழுத எக்கார்டை விட்டால் யார்? அவர் எழுதினார். பத்துப் பக்கம், அதில் ஆறு பக்கம் ஏழாவது நிமிடம். மாதிரித் தட்டு தபாலில் வந்ததும் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து கேட்டார்.

ஏழாவது நிமிடத்தில் தறி நின்றது. டிரம் நின்றது. கிடார் ரீங்கரித்தது. சொட்டு விழவில்லை. யாரும் மூச்சு விடவில்லை. தறி மறுபடி கிளம்பிவிட்டது.

எக்கார்ட் கொலோனுக்குத் தொலைபேசியில் கத்தினார். "உயிரை வெட்டி எடுத்துட்டீங்க! சுத்தம் பண்றேன்னு உயிரையே எடுத்துட்டீங்க!" என்றார்.

"எக்கார்ட், ஒரு வினாடிகூட நாங்க வெட்டலை. நாடாவுல இருக்கிறது அப்படியே இருக்கு" என்றார் நிறுவனத்துக்காரர். மறுநாள் உல்ஃபே பேசினார். "எங்க ஆலையில கூரை ஒழுகினதே இல்ல. பொண்ணுங்க யாரும் வரவும் இல்ல. வந்திருந்தா நாங்க ஏன் தறியை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்?" என்று சிரித்தார்.

எக்கார்டுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது வருட மரியாதை. கட்டுரையைத் திங்கட்கிழமைக்குள் திருத்தித் தர வேண்டும், அல்லது தன் காது பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்க வேண்டும். தேவாலயச் சேர்ந்திசையில் பாடும் ரோஸ்விதாவின் தங்கை குண்டுலாவுக்குக் காது கூர்மை. மாதத்தின் முதல் ஞாயிறு அவள் வீட்டில்தான் காபி. கேசட்டையும் பழைய ரெக்கார்டரையும் பையில் போட்டுக்கொண்டு அவர் பையன்புர்குக்குக் கிளம்பினார்.

மேஜையில் வாஃபிள், சூடான புளிப்புச் செர்ரி, இலவங்கப்பட்டை தூவிய பால்சோறு. நடுவில் மூன்று காலோடு, பேரிக்காய் வயிற்றோடு, அவர்கள் அம்மா காலத்து வெள்ளீயக் காபிக் குடம். சொட்டு மின்னா என்று அதற்குப் பெயர். பெர்கிஷ் என்ற அந்த மலைநாட்டுப் பக்கத்தில் நல்ல வீடு என்றால் அது இல்லாமல் இருக்காது. அடியில் ஒரு குழாய், அதில் எப்போதும் காபித்தூள் அடைத்திருக்கும். திறந்தால் வராது, மூடினால் நிற்காது.

"நீயே கேட்டுட்டு உண்மையைச் சொல்லு" என்று எக்கார்ட் கேசட்டை ஓடவிட்டார். தறி நின்றது. டொக். டொக். குண்டுலா வாஃபிளை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். மூச்சு இழுபடும் இடம் வந்ததும் பொத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று.

"அட மடையா! அது நம்ம மின்னாடா!" என்றாள். "உன் ஒயர் எங்க ரேடியோவுல சேரவே இல்ல. அக்கா மைக்கைத் தலகாணி மேல வச்சு ரேடியோ முன்னாடி வச்சுட்டா. ஞாயித்துக்கிழமை காபியை நிறுத்த அம்மா ஒத்துக்குவாளா? உட்காருங்க, ஆனா மூச்சு விடக்கூடாதுன்னு அக்கா சட்டம் போட்டுட்டா. நாங்க அஞ்சு பேர் முக்கா மணி நேரம் பொம்மை மாதிரி. வாஃபிள் ஆறி செருப்புத் தோலா ஆயிடுச்சு. மின்னாவுக்கு மட்டும் சட்டம் தெரியலை. அப்பா தட்டுல சொட்டுது, சொட்டுது..."

"பதினொண்ணு" என்றார் எக்கார்ட், ஈனசுரத்தில்.

"பதினொண்ணு விழுந்ததும் அப்பா விரலைக் கொண்டுபோய்க் குழாய்க்கடியில நீட்டிட்டார். கொதிக்கிற காபி. கத்தவும் முடியலை, எடுக்கவும் முடியலை. முகம் பீட்ரூட் மாதிரி ஆயிடுச்சு. அக்காவுக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. அதை அடக்கத்தான் அந்த மூச்சு."

எக்கார்ட் நாற்காலியில் சாய்ந்தார். களைத்த நெசவுப்பெண்ணும் பதினோரு தறிகளும் பால்சோற்றில் விழுந்தன. "முப்பத்தஞ்சு வருஷம், குண்டுலா. ஒரு வார்த்தை சொல்லலையே அவ."

"எப்படிச் சொல்லுவா? மறுநாளே உண்மையைச் சொல்லணும்னுதான் உன் ரூமுக்கு வந்தா. நீ அதே இடத்துல அழுது, அழுத கையோட கல்யாணமும் கேட்டுட்டே. 'அவன் முகத்தைப் பார்த்தப்புறம் மனசு வரலைடி'ன்னா என்கிட்ட. அப்புறம் நீ கட்டுரை வேற எழுத ஆரம்பிச்சுட்டே. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச மாதிரி, பாவம், சமையலறைக்கு ஓடி ஓடியே சிரிச்சா."

அவமானம் அவரை ஒரு வாஃபிள் நேரம்தான் பிடித்து வைத்திருந்தது. அதற்குள் வேறொன்று உறைத்தது. நாடாவைப் பின்னுக்கு ஓட்டி, அந்த மூச்சை மறுபடி வைத்தார். மறுபடியும். மூன்றாவது முறை குண்டுலா சிரிப்பதை நிறுத்திவிட்டு அவர் தோளில் கை வைத்தாள்.

திங்கட்கிழமை அவர் கொலோனுக்குப் பேசினார். "நான் சொன்னது தப்பு. உங்க தட்டு சரி. என் கட்டுரையில ஆறு பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க" என்றார். நடந்ததைக் கேட்ட நிறுவனத்துக்காரர் குதித்தார். அருமையான கதை, அந்தத் துண்டையும் தட்டின் கடைசியில் சேர்த்துவிடலாம் என்றார்.

"அது உங்க இசை இல்ல தம்பி. அது எங்க வீடு" என்று எக்கார்ட் வைத்துவிட்டார்.

தட்டு வெளிவந்தது. நான்கே பக்க ரசனைக் கட்டுரை, நன்றாக இருந்ததென்று ஸோலிங்கன் ஆசிரியரே கடிதம் போட்டார். எக்கார்ட் தட்டை அலமாரியில் மரியாதையாக நிறுத்தி வைத்தார். சனிக்கிழமை மதியம் கேசட்டை எடுத்துப் போட்டார். எதிர் நாற்காலியில் அவளுடைய பின்னல் கூடை. இரண்டாம் பக்கம், ஏழாவது நிமிடம். தறி நின்றது. பதினோரு சொட்டு விழுந்தது. இருபத்திரண்டு வயது ரோஸ்விதா, நடுங்கும் மூச்சை உள்ளே இழுத்துச் சிரிப்பை அடக்கினாள்.

எக்கார்ட் பொத்தானை அழுத்தி நாடாவை நிறுத்தினார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை.

"சிரிச்சுடு, ரோஸ்விதா" என்றார். "இப்ப யாரும் பதிவு பண்ணலை."