ஐந்து எழுத்துக்கு மேல் படிக்காத இயந்திரம்

எழுபதுகளின் நடுவில், ஒரு காலை ஆறு ஐம்பதுக்கு, அம்பத்தூர் தொழிற்சாலை வாசலில் நான் முதலில் பார்த்தது ஊழியர்களின் வருகை டோக்கன்கள் தொங்கும் பலகையில் ஒரு வெறும் ஆணி. அதன் கீழே வெள்ளானூரிலிருந்து சைக்கிளில் வரும், கடைசல் இயந்திரம் ஓட்டும் டர்னர் நின்றிருந்தார். பன்னிரண்டு ஆண்டு நிரந்தர ஊழியர். முகத்தில் அம்மைத் தழும்புகள் இன்னும் கருப்பாக இருந்தன.

“அம்மை போட்டு ஊட்ல படுத்துகினு இருந்தேன் அண்ணாத்தே. லீவு எழுதிக் குட்த்துட்டுதானே போனேன்?”

“நீ வேலைய வுட்டுப் போய்ட்டன்னு மிஷினு சொல்லுது நைனா,” என்றார் வாசல் காவலர். “அதுக்கு மாரியாத்தாவப் பத்தி இன்னா தெரியும்?”

எனக்குக் கம்ப்யூட்டர் அறையில் வேலை. நேராக அங்கே போனேன்.

எங்கள் சம்பளப் புரோகிராம் எல்லாவற்றையும் தானே செய்யாது. நீண்ட விடுப்புக் கணக்கு, துளையிட்ட அட்டைகளின் தனிக் கட்டாக இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இயந்திரம் அதைத் தேடிச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் பெயரில் ஐந்து ஆங்கில எழுத்துக்கு மேல் ஏற்காது; மிச்சத்தை வெட்டிவிடும். ஆகவே ‘விடுப்பு’ என்பது வி, ஐ, டி, யு, பி.

முந்தின வாரம் மேலதிகாரி தாமே ஒரு கட்டு எழுதி, யாரிடமும் சொல்லாமல் அதை என் கட்டுக்கு முன்னால் செருகியிருந்தார். வேலையை விட்டுப் போனவர்களை நீக்கும் கட்டு அது. பெயர் ‘விடுபட்டவர்’. அதுவும் வி, ஐ, டி, யு, பி. ஒரே பெயரில் இரண்டு இருந்தால் முதலில் அகப்படுவதை எடுத்துக்கொண்டு இயந்திரம் தேடலை நிறுத்திவிடும். அந்த வாரம் நீண்ட விடுப்பில் இருந்தவர் டர்னர் ஒருவர்தான்; அவர் விடுப்பைக் கணக்கிடுவதற்குப் பதில் இயந்திரம் அவரையே நீக்கிவிட்டது.

இரண்டு கட்டுகளையும் மேலதிகாரியின் மேசைமேல் வைத்தேன்.

“சார், புதுப் பேரு வைக்கறதுக்கு முன்னாடி எங்களக் கேக்கணும்னு நீங்கதானே உத்தரவு போட்டீங்க?”

“தமிழ்ல பேரு வச்சா இப்படித்தான்யா ஆகும்,” என்று சிரித்தார். காப்பியைக் குடித்து முடித்தார். “தலைமை ஆபீசுக்குக் கணக்கு போயிடுச்சு. இனிமே தப்புன்னு நான் எழுத முடியுமா? அந்தாள புதுசா சேந்துக்கச் சொல்லு.”

இயந்திரம் எந்தத் தவறும் செய்யவில்லை. கேட்ட பெயரைக் கொண்டுவந்து கொடுத்தது. தவறு செய்தவர் என் எதிரே உட்கார்ந்து மீசையில் ஒட்டிய நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதை அவர் முகத்துக்கு நேரே, குரலை உயர்த்தியே சொன்னேன்.

அடுத்த திங்கட்கிழமை அந்த ஆணியில் டர்னருக்காகத் தொங்கியது சிவப்பு டோக்கன். தற்காலிக ஊழியர்களுக்குச் சிவப்பு.