சூரியனில் அழித்த புள்ளி

1991-இல் வடக்குப்பட்டில் குடியிருந்தோம். என் கணவர் சின்ன தொலைநோக்கி வழியே சூரியனை வெள்ளைத்தாளில் விழவைத்து, அதிலுள்ள கரும்புள்ளிகளைத் தினமும் வரைவார். காலை ஷிப்ட் வந்த வாரம் அதை என்னிடம் விட்டார். எனக்கு அது வெட்டிவேலையாகத்தான் பட்டது. ஆனால் சனிக்கிழமை பார்த்தால், முந்தின நாள் இருந்த பெரிய புள்ளி இரண்டாகப் பிளந்திருந்தது. அடுப்பில் சோறு பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றேன்.

சாயங்காலம் வந்தவர் தாளைப் பார்த்துச் சிரித்தார். “இன்னா, ரெண்டு போட்டுக்கீற? நேத்து ஒண்ணுதானே இருந்திச்சு?”

“பாத்துதாங்க போட்டேன்.”

அவர் ரப்பரால் ஒன்றை அழித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

ஞாயிறு காலை அவரே தாளைப் பிடித்தார். இரண்டு புள்ளிகளும் இன்னும் விலகி நின்றன. அவர் பென்சிலை என்னிடம் நீட்டினார்.

“நீயே போடு.”

சூரியனைப் பற்றி இன்றும் எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் என் கண்ணால் பார்த்ததை அதன்பிறகு யார் சிரித்தாலும் மாற்றிச் சொன்னதில்லை.