கோழிக் கொட்டாயில் ஒரு மேடை

ஓசூருக்கு வந்த புதிதில் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவள். கல்யாணம் முடிந்து சிப்காட் அருகே ஓர் ஒற்றை அறை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கணவருக்கு அங்கே ஒரு கம்பெனியில், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் ஷிப்ட் வேலை. மீதி நேரமெல்லாம் நாடகம்.

அவரும் கூட வேலை பார்த்த சிலரும் ஒத்திகைக்கு இடம் தேடி அலைந்துகொண்டே இருந்தார்கள். மொட்டை மாடியில் சத்தம் தாங்கவில்லை என்று வீட்டுக்காரர் விரட்டினார். பூங்காவிலிருந்து காவலாளி கிளப்பினார். ஒருவர் வந்தால் இன்னொருவருக்கு ஷிப்ட் இருக்கும். நானும் ஃபிளாஸ்கில் டீயோடு பின்னாலேயே அலைந்தேன். வசனமெல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

உத்தனப்பள்ளி பக்கம் ஓர் அம்மாவின் கோழிக் கொட்டாய் காலியாகக் கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். வீட்டில் தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம். பறவைக் காய்ச்சல் பயத்தில் யாரும் கோழி வாங்காமல் போனதும் அவர் கோழி வளர்ப்பையே விட்டிருந்தார்.

“தாராளமா ஆடுங்க. எங்க ஊரு ஆளுங்களையும் சேத்துக்கணும். இன்னொண்ணு, மீசைய மழிச்சிக்கினு ஆம்பள சேல கட்டினா நான் பாக்க மாட்டேன். பொம்பள வேஷத்த பொம்பளதான் போடணும்” என்றார் அந்த அம்மா.

எங்கள் நாடகத்தில் மனைவி வேஷத்துக்கும் ஓர் ஆணைத்தான் வைத்திருந்தார்கள்.

“நான் போடுதேன்” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், “கம்பெனில அத்தன பேரும் பாப்பாங்கல்லா?” என்றார்.

“பாக்கத்தான நாடகம் போடுதீங்க?”

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே கொட்டாயில் இறங்கியது. காய்ந்து இறுகிய எச்சத்தை மண்வெட்டியால் சுரண்டினோம். ஊர்க்காரர்கள் டிராக்டரில் செம்மண் கொட்டி மேடை எழுப்பினார்கள். கம்பெனி வெல்டர்கள் பழைய இரும்பில் விளக்குக் கம்பிகள் பொருத்தினார்கள். சுண்ணாம்பு அடித்தும் நாற்றம் முழுதாகப் போகவில்லை.

முதல் நாடகத்தன்று பிற்பகலிலேயே கொட்டாய் நிரம்பிவிட்டது. புருஷனாக நடிக்க வேண்டிய என் கணவரை மட்டும் காணவில்லை. செல்போனும் அணைந்திருந்தது. கூட்டம் விசிலடித்தது. திரைக்குப் பின்னால் அங்குமிங்கும் நடந்து பார்த்தேன். பொறுக்க முடியாமல் தனியாகவே மேடையேறி, வீட்டுக்கு வராத புருஷனைத் திட்ட ஆரம்பித்தேன். அவர் பதில் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் வசனம் நின்றுவிட்டது.

முன்வரிசையிலிருந்த அந்த அம்மா சேலையைச் செருகிக்கொண்டு மேலே வந்தார். என் மாமியார் போலத் தெலுங்கில் என்னை அதட்டினார். நான் தமிழில் திருப்பிக் கொடுத்தேன். கூட்டத்தில் ஒருவர் கன்னடத்தில் எனக்காகப் பரிந்து பேசினார். எல்லாருக்கும் எல்லாம் புரிந்தது.

அப்போது வாசலில் என் கணவர், எண்ணெய்க் கறை படிந்த யூனிஃபார்மோடு நின்றார். அப்படியே மேடைக்கு வந்துவிட்டார்.

“அடுத்த ஷிப்ட்டுக்கு மாத்தி விட ஆள் வரலட்டி. மிஷின விட்டுட்டு எப்பிடி வாரது?”

நாடகத்தில் இல்லாத வசனம் அது. நான் நிஜமாகவே அழுது, நிஜமாகவே திட்டினேன். அவர் தலைகுனிந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது.

நாடகம் முடிந்ததும் என் கணவர், “இனி பொம்பள வேஷத்துக்கு ஆள் தேட வேண்டாம்” என்று மற்றவர்களிடம் சொன்னார். அவர்கள் அதைக் காதில் வாங்கினார்களா தெரியாது. அடுத்த நாடகம் எந்த மொழியில் என்று மேடையிலேயே சண்டை ஆரம்பித்திருந்தது. நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன்.